வக்கீலம்மா கட்சி

வக்கீலம்மாவின் அலுவலகத்துக்கு ஏறும் மாடிப்படி குறுகலானது. ஒருவர் இறங்கினால் ஏறுகிறவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டும். கட்சி ஆரம்பிக்கும் பேச்சு குமாஸ்தாவின் காதில் முதலில் விழுந்தது அந்தப் படியில்தான். மேட்டுத்தெருப் பெண்கள் நாலைந்து பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் இணைப்பைத் துண்டித்த நகராட்சியின் மேல் வழக்குப் போட்டு, ஒரு கோடைகாலம் முழுக்க மல்லுக்கட்டி, குழாயில் மறுபடியும் தண்ணீர் வரவைத்திருந்தார் வக்கீலம்மா. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி சொன்னாள்:

"இவங்க மாதிரி ஒருத்தங்க ஆட்சிக்கு வந்தா நாம ஏன்டி இப்படி அலையப்போறோம்?"

"அதை மேல சொல்லியிருக்கலாம்ல?"

"வா, சொல்லிட்டே வந்துடுவோம்."

உண்மையிலேயே திரும்பி ஏறினார்கள். டீ ஃபிளாஸ்க்கும் கையுமாகச் சுவரில் ஒட்டி நின்ற குமாஸ்தா, அவர்கள் கடக்கும்வரை வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

வக்கீலம்மா அன்றைக்குச் சிரித்துவிட்டார். "கட்சியா? எனக்கு இருக்கற ஆஸ்துமாவுக்கு ஒரு கோஷம்கூட முழுசாப் போட முடியாதும்மா" என்று அனுப்பிவைத்தார்.

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. ஊரில் இருந்தவை இரண்டே கட்சிகள். ஒன்றை மக்கள் சலித்துப்போய் இறக்குவார்கள். அதற்குள் இன்னொன்றைப் பற்றிய பழைய சலிப்பு மறந்துபோயிருக்கும், அதைத் தூக்கி உட்காரவைப்பார்கள். இப்படி மாற்றி மாற்றிப் போட்டு எல்லோருக்கும் கை ஓய்ந்துபோயிருந்தது. வேலையிலிருந்து தூக்கப்பட்டவர்கள், பென்ஷன் வராதவர்கள், வாடகை வீட்டிலிருந்து விரட்டப்படுகிறவர்கள் எல்லாம் வக்கீலம்மாவிடம் வந்தார்கள். வந்தவர்கள் கேஸைச் சொல்லி முடித்ததும், போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்களே ஒரு கட்சி ஆரம்பிச்சுடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போவது ஒரு வழக்கமாகிவிட்டது.

குமாஸ்தாவுக்கு அரசியலில் ஒட்டுதல் கிடையாது. வக்கீலம்மா தனியாகத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து கூட இருப்பவர். எந்த நீதிபதிக்குக் காலையில் கோபம் வரும், எந்த நீதிபதிக்கு மத்தியானம் தூக்கம் வரும் என்பது அவருக்கு அத்துபடி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு பார்வை பார்த்தே யாரை முதலில் உள்ளே அனுப்ப வேண்டுமென்று சொல்லிவிடுவார். அவர் மனைவி துணிக்கடையில் பில் போடுகிறாள். நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருவாள். இரண்டு பேரும் சாயங்காலம் பேசிக்கொள்வதே கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பாதி அவளுடைய தம்பியைப் பற்றி.

அந்தத் தம்பிக்கு ஊரில் மெக்கானிக் என்றுதான் பெயர். பழைய அச்சகத்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் மனைவி, இரண்டு பெண்பிள்ளைகளோடு குடியிருந்தான். தெருமுனையில் சின்னதாக ஒரு இருசக்கர வாகனப் பட்டறை. கட்சி என்றால் அவனுக்குக் காய்ச்சல் மாதிரி. ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கட்சி ஆரம்பித்தபோது பட்டறையை மூடிவிட்டு அவர் பின்னால் போனான். அந்தக் கட்சிக்காக நட்ட கொடிக்கம்பத்தில் இப்போது பழைய டயர்கள் மாட்டிக் கிடந்தன. பிறகு ஒரு பத்திரிகை முதலாளி ஆரம்பித்தார். அவருக்காக ஊர்வலம் போய் அடிபட்டதில் மெக்கானிக்கின் இடது சுண்டுவிரல் இன்றும் மடங்காது.

"இனிமே எந்தக் கட்சியும் வேணாம்க்கா, போதும்டா சாமின்னு ஆயிடுச்சு" என்று அவன் அக்காவிடம் சத்தியம் பண்ணி வெகுகாலமாகவில்லை. வக்கீலம்மா பெயர் அடிபட ஆரம்பித்ததும் அவன் நடையே மாறிவிட்டது.

"மாமா, உங்க மேடம் என்ன சொல்றாங்க? வருவாங்களா மாட்டாங்களா?" என்று தினமும் குமாஸ்தாவைப் பிய்த்தெடுத்தான்.

"நீ முதல்ல உன் வீட்டு கேஸ் என்னாச்சுன்னு கேளு மாப்ளே. அதுக்குக்கூட வாயத் தொறக்க மாட்டேங்கற."

அந்த வரிசை வீடுகளை ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கியிருந்தது. இடித்துவிட்டுக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு. குடியிருப்பவர்களைக் காலிசெய்யக் கூடாதென்று வக்கீலம்மா வாங்கிய தடை உத்தரவில்தான் வீடுகள் நின்றுகொண்டிருந்தன.

"அதான் மேடம் இருக்காங்களே மாமா. அப்புறம் எனக்கு என்ன கவலை?" என்றான் மெக்கானிக்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், பெஞ்சில் யாரும் இல்லாத நேரத்தில், வக்கீலம்மா குமாஸ்தாவை உள்ளே கூப்பிட்டார். கறுப்பு கவுனைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஆளாளுக்கு வந்து சொல்றாங்க. எனக்கும் இப்போ தோண ஆரம்பிச்சுடுச்சு. ஒவ்வொரு ஆளுக்கா ஒவ்வொரு கேஸா எவ்வளவு காலத்துக்குப் போராடறது? சட்டம் போடற இடத்துக்கே போயிட்டா என்ன? நீங்க என்ன நினைக்கறீங்க?"

குமாஸ்தா யோசித்தார். "திங்கக்கிழமை மூணு கேஸ் இருக்கு மேடம்."

"நான் அதைக் கேக்கல."

"எனக்கு அதுதான் மேடம் தெரியும்."

வக்கீலம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். அந்த வாரமே அறிவிப்பு வந்துவிட்டது.

முதல் கூட்டத்துக்கு வந்த ஜனத்தை குமாஸ்தா மறக்கவே மாட்டார். லாரி வைத்து அழைத்து வந்த கூட்டம் இல்லை. கைக்குழந்தையோடு, மத்தியானச் சாப்பாட்டு டப்பாவோடு, வேலை முடிந்த சீருடையோடு தாங்களாகவே வந்தார்கள். வக்கீலம்மாவுக்கு மேடைப்பேச்சு வரவில்லை. நீதிபதியிடம் பேசுவதுபோல, இது எங்கள் கோரிக்கை, இது அதற்குக் காரணம் என்று இழுத்து மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சொன்னார். மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஜனங்கள் கைதட்டினார்கள். குமாஸ்தாவின் மனைவி எந்தக் கூட்டத்துக்கும் போகாதவள். அன்றைக்கு வீங்கிய காலோடு கடைசிவரை நின்றாள். திரும்பும்போது, "நிஜமாவே ஏதாவது நடந்துடுமோங்க?" என்று கேட்டாள். அவருக்கும் நெஞ்சுக்குள் ஏதோ கிளம்பியிருந்தது. அது கிளம்பியதே அவருக்குப் பயமாக இருந்தது. "பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார்.

கட்சிக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. வக்கீலம்மா கட்சி என்றார்கள். சின்னமாகத் தராசு கேட்டார்கள். கிடைத்தது சீப்பு. "வழுக்கைத் தலைக்காரன் வீட்டுல போய் என்னன்னு மாமா ஓட்டு கேக்கறது?" என்று மெக்கானிக் தலையில் கைவைத்தான். மறுநாளே சமாதானமாகி, "சிக்கெடுக்கறதுக்குத்தானே சீப்பு? நாட்டுல இருக்கற சிக்கையெல்லாம் எடுக்கப்போறோம்" என்று பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தான்.

பெஞ்சில் உட்காரும் ஆட்கள் மாறினார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒருவர் வந்து சேர்ந்து, கொஞ்ச நாளில் கட்சிச் செயலாளர் ஆனார். அவரோடு வந்தவர்கள் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து தொகுதி பேசினார்கள். கேஸ் விஷயமாக வந்தவர்கள் படியில் நின்றார்கள். கர்ப்பமானதற்காகத் தையல் ஆலையில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட பெண் ஒருத்தி வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்தப் படியில் நிற்பதைப் பார்த்து, குமாஸ்தா தன் நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டார்.

வக்கீலம்மா கோர்ட்டுக்கு வருவது குறைந்தது. ஜூனியராக இருந்த இளம்பெண் கெட்டிக்காரிதான், ஆனால் ஒருத்தியால் எத்தனை கோர்ட்டுக்கு ஓட முடியும்? வழக்கைத் தள்ளிவைக்கச் சொல்லி வாய்தா மேல் வாய்தா வாங்கினாள். ஒருநாள் நீதிபதியே கேட்டுவிட்டார்: "உங்க சீனியர் எந்த மேடையில இருக்காங்க?" கோர்ட்டே சிரித்தது. அந்தப் பெண் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வரிசை வீடுகளின் வழக்கு கடைசி விசாரணைக்கு வந்த நாளை வக்கீலம்மா மறக்கவில்லை. முந்தைய நாள் வெளியூரில் பிரசாரம். அங்கிருந்தே போன் பண்ணினார். "காலைல நேரா கோர்ட்டுக்கே வந்துடறேன். இந்தக் கேஸை நான்தான் பேசணும்."

குமாஸ்தா காலையிலிருந்து கோர்ட் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வீட்டு ஜனங்கள் எல்லோரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு வந்து மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீலம்மா கிளம்பும்போது பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்களாம். பத்தே நிமிஷம் பேசிவிட்டுப் போகலாம் என்று செயலாளர் சொன்னாராம். அதற்கப்புறம் வழியில் ஒரு கூட்டம் காரை மறித்து, இறங்கி இரண்டு வார்த்தை பேசினால்தான் விடுவோம் என்றதாம். எல்லாம் அன்பால் நடந்ததுதான். கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டார்கள். ஜூனியர் அவகாசம் கேட்டாள். "உங்க சீனியருக்கு எப்போ வசதிப்படும்னு இந்த கோர்ட் காத்துட்டிருக்க முடியாது" என்றார் நீதிபதி. தடை உத்தரவு நீங்கியது.

வக்கீலம்மாவின் கார் வந்து நின்றபோது மரத்தடியில் யாரும் இல்லை. குமாஸ்தா மட்டும் நின்றிருந்தார். அவர் முகத்தை வக்கீலம்மா பார்த்தார். காரிலிருந்து இறங்கிய கால் இறங்கியபடியே இருக்க, அப்படியே சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

மேல்கோர்ட்டில் மனுப் போடுவதற்குள் கம்பெனியின் இயந்திரங்கள் வந்துவிட்டன. மெக்கானிக் தட்டுமுட்டுச் சாமான்களோடும் குடும்பத்தோடும் குமாஸ்தாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். இரண்டு அறை வீட்டில் இரண்டு குடும்பம். அவன் மனைவி யாரிடமும் பேசாமல் மூட்டையைப் பிரித்தாள். பெரியவள் தன் பள்ளிப் புத்தகங்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மேடம் வந்திருந்தா வீடு நின்னிருக்கும்ல?" என்று குமாஸ்தாவின் மனைவி கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்குள் மெக்கானிக் முந்திக்கொண்டான். "விடுக்கா. ஜெயிச்சுட்டா சட்டத்தையே மாத்திடப்போறாங்க. அப்புறம் யாரு வீட்டையும் இப்படி இடிக்க முடியாது." சொல்லிவிட்டு அன்றைக்கே நோட்டீஸ் ஒட்டக் கிளம்பிப்போனான்.

வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, வக்கீலம்மா மத்தியானத்தில் அலுவலகத்துக்கு வந்தார். தொண்டை அடியோடு கட்டிப்போயிருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்துவிட்டு, குமாஸ்தா மேசைக்கு எதிரில் நின்றார். வழக்கமாக அப்படி நிற்க மாட்டார்.

"என்ன?" என்றார் வக்கீலம்மா, கிசுகிசுப்பாக.

"மேடம், நான் உங்களுக்கு ஓட்டு போடப்போறதில்ல."

வக்கீலம்மா டம்ளரை வைத்தார். "அவங்களுக்குப் போடப்போறீங்களா?"

"யாருக்கும் இல்ல மேடம். நீங்க ஜெயிச்சா போயிடுவீங்க. தோத்தா இங்க வந்துடுவீங்க. படியில நிக்கறவங்களுக்கு வேற ஆள் இல்ல. உங்ககிட்ட சொல்லாம செய்யறதுக்கு மனசு வரல."

வக்கீலம்மா டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார்.

"ஊர்ல இருக்கறவங்க அத்தனை பேரும் எனக்குத்தான் போடறேன்னு சொல்லிட்டாங்க" என்றார் வக்கீலம்மா. "இல்லன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்." வெந்நீரைக் குடித்து முடித்தார். கீழே கார் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

சொன்னபடியே செய்தார் குமாஸ்தா. வரிசையில் நின்று, யாருக்கும் இல்லை என்று பதிவு பண்ணிவிட்டு வந்தார். வெளியே மனைவி காத்துக்கொண்டிருந்தாள். "நான் சீப்புக்குத்தான் போட்டேன்" என்றாள். அவர் குடையை விரித்து அவளுக்குப் பிடித்தார்.

வக்கீலம்மா மூன்றாவதாக வந்தார். இரண்டாவதாக வந்தவருக்கும் அவருக்கும் நடுவிலேயே பெரிய பள்ளம். கட்சி நிறுத்திய மற்ற ஆட்களைப் பற்றிப் பேச ஒன்றுமே இல்லை. மேட்டுத்தெருவில்கூட, அவர் வாங்கிக்கொடுத்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த அந்தத் தெருவில்கூட, சீப்புக்கு விழுந்தது சொற்பம். காரணம் கேட்டால் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. "தங்கமானவங்கதான். ஆனா ஜெயிக்க மாட்டாங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. நம்ம ஓட்டு வீணாப் போயிடுமேன்னு…" என்று இழுத்தார்கள். எல்லோரும் பேசிக்கொண்டார்கள், எல்லோரும் நம்பினார்கள், அதனால் அப்படியே ஆயிற்று.

மெக்கானிக் அன்று முழுக்க ஒரு பழைய என்ஜினைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். சாப்பிடக் கூப்பிடப் போன மகளை, "அப்பாவுக்கு வேலை இருக்கு" என்று திருப்பி அனுப்பினான். இஸ்திரிச் சட்டைச் செயலாளர் அடுத்த மாதமே, ஜெயித்த கட்சியில் போய்ச் சேர்ந்தார். அவரோடு கால் மேல் கால் போட்டவர்களும் போனார்கள். பெஞ்ச் காலியாயிற்று.

குமாஸ்தா நினைத்தபடியே வக்கீலம்மா அலுவலகத்துக்கு வந்தார். நேரத்துக்கு வந்தார், நேரத்துக்குப் போனார். ஆனால் பழைய ஆள் இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மேட்டுத்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். மகனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டதென்று அழுதாள். வக்கீலம்மா பேனாவை மூடியபடியே வைத்துக்கொண்டு கேட்டார்:

"நீங்க யாருக்கு ஓட்டு போட்டீங்க?"

அந்தப் பெண்ணின் அழுகை பாதியில் நின்றது. "உங்களுக்குத்தாம்மா" என்றாள்.

வக்கீலம்மா அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதிக்கொண்டார். வழக்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. பையன் ஜாமீனில் வந்தான். ஆனால் அடுத்து வந்தவரிடமும் அதையே கேட்டார். அதற்கடுத்தவரிடமும். வாட்ச்மேன் பென்ஷன் வழக்குக்கு வந்த கிழவரிடம்கூட.

விஷயம் பரவிவிட்டது. ஜனங்கள் மாடி ஏறும்போதே பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வந்தார்கள். கேட்பதற்கு முன்பே, "என் புள்ளை மேல சத்தியமா உங்களுக்குத்தாம்மா போட்டேன்" என்றார்கள். எவ்வளவு பெரிய சத்தியம் பண்ணினார்களோ அவ்வளவுக்கு வக்கீலம்மாவின் முகம் இறுகியது. இப்படியே ஆட்கள் குறைந்தார்கள். வேறு வக்கீல்களிடம் போனவர்கள் போனார்கள். போக வழியில்லாதவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டார்கள். பெஞ்ச் காற்று வாங்கியது. இதற்காகவா ஓட்டை வீணாக்கினோம் என்று குமாஸ்தா தனக்குள் மருகினார்.

ஒருநாள் தையல் ஆலைப் பெண் வந்தாள். குழந்தை பிறந்திருந்தது, தோளில் கிடந்தது. அவள் வழக்கு இன்னும் வாய்தாவில்தான் இருந்தது. வக்கீலம்மா அவளிடமும் கேட்டார். அவள் சிறிது நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ஞாபகம் இல்லம்மா" என்று சொல்லி, குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

குமாஸ்தா உள்ளே போனார். "மேடம், இனிமே அந்தக் கேள்வியைக் கேக்காதீங்க."

"ஏன்? நான் கேக்கக்கூடாதா?" வக்கீலம்மாவின் குரல் உயரவில்லை. "தோத்தது எனக்குப் பெருசில்ல. யாரு போடலன்னு தெரியலையே, அதான். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு நான் வழக்கு நடத்தியிருக்கேன். இப்போ ரோட்டுல எவனைப் பாத்தாலும், இவனா இருக்குமோன்னு தோணுது. யாரும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்குச் சந்தேகம் இல்லாத ஆள் இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

ஆனாலும் குமாஸ்தா சொல்லிவிட்டார். "அவங்களுக்கும் உங்ககிட்ட கேக்க ஒரு கேள்வி இருக்கு மேடம். எங்க கேஸ் கூப்பிட்டப்போ நீங்க எங்க இருந்தீங்கன்னு. அவங்க வாய்விட்டுக் கேக்கல. அவ்வளவுதான் வித்தியாசம்."

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடி இல்லாத அந்த முகத்தை குமாஸ்தா அதிகம் பார்த்ததில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, பத்து வயது கூடிப்போயிருந்தது.

"வரிசை வீட்டுக்காரங்க இப்போ எங்க இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. என் மச்சினன் எங்க வீட்டுலதான்."

"என்னை அவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

இரண்டு பேரும் பட்டறைக்கு நடந்தே போனார்கள். மெக்கானிக் தரையில் உட்கார்ந்து ஒரு சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். வக்கீலம்மாவைக் கண்டதும் பதறி எழுந்து, ஒரே ஒரு நாற்காலியில் இருந்த கருவிகளை வாரிக் கீழே போட்டு, தன் சட்டை நுனியாலேயே துடைத்து, "உக்காருங்க மேடம்" என்றான்.

வக்கீலம்மா உட்காரவில்லை. "உங்க வீடு போனதுக்கு நான்தான் காரணம். அன்னிக்கு நான் வந்திருக்கணும். மன்னிச்சுடுங்க."

"ஐயோ, அதெல்லாம் எதுக்கு மேடம்? அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வருது. இந்தத் தடவை முன்னாடியே ஆரம்பிச்சுட்டோம்னா…"

"இல்ல" என்றார் வக்கீலம்மா. "கட்சியக் கலைச்சுடலாம்னு இருக்கேன். என்னால முடியல. நாளைக்கு அறிவிப்பு குடுத்துடுவேன்."

மெக்கானிக் கையிலிருந்த பசை டப்பாவைக் கீழே வைத்தான். அவன் முகம் அப்படி மாறி குமாஸ்தா பார்த்ததே இல்லை.

"கலைக்கறதுக்கு நீங்க யாரு மேடம்?"

"மாப்ளே!" என்றார் குமாஸ்தா.

"இருங்க மாமா. வீடு போனப்போ நான் ஏதாவது சொன்னேனா? என் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் முகம் குடுத்துப் பேசறதில்ல, அதையாவது சொன்னேனா? ராணுவக்காரர் ஆரம்பிச்சாரு, ஒருநாள் காலைல இல்லன்னுட்டாரு. பத்திரிகைக்காரர் ஆரம்பிச்சாரு, அவரும் வித்துட்டுப் போயிட்டாரு. ஒவ்வொரு தடவையும் நாங்க கொடியை மடிச்சு வச்சுட்டு வெக்கமில்லாம வீட்டுக்குப் போகணும். நோட்டீஸ் ஒட்டினது நானு. வெயில்ல அலைஞ்சது நானு. மத்தவங்க ஓட்டுப் போடல, சரி. போட்டவங்களும் இருக்கோம்ல? கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? உங்க பேர்ல இருந்தா உங்க கட்சி ஆயிடுமா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. திரும்பி நின்று, எதையோ தேடுவதுபோலக் கருவிகளைக் கிளறினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

வக்கீலம்மா அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். மெக்கானிக் முகத்தைக் காட்டாமலேயே பாட்டிலை நீட்டினான்.

மறுநாள் அறிவிப்பு எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு பெரிய மாற்றம் ஒன்றும் நடந்துவிடவில்லை. வக்கீலம்மா ஓட்டைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார். கேட்க வாய் வரும், அடக்கிக்கொள்வார். குமாஸ்தாவுக்கு அது தெரியும். தையல் ஆலைப் பெண்ணின் வீட்டுக்கு வக்கீலம்மாவே போய் வக்காலத்தில் மறுபடி கையெழுத்து வாங்கி வந்தார். வரிசை வீட்டுக்காரர்களுக்கு நஷ்ட ஈடு கேட்டு ஒரு வழக்குப் போட்டார்கள். அது கிடைக்குமா, கிடைத்தாலும் எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. மெக்கானிக் ஊருக்கு வெளியே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போனான். அவன் மனைவி போகும்போது குமாஸ்தாவின் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெஞ்சில் ஆட்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள், பழைய கூட்டம் இல்லை.

கட்சி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டறையில் கூடியது. மெக்கானிக், ஒரு பஸ் கண்டக்டர், மேட்டுத்தெருவிலிருந்து இரண்டு பெண்கள், ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், இன்னும் ஓரிருவர். நாட்டைப் பற்றிய பேச்சு குறைந்துபோய், அடைத்துக்கொண்ட சாக்கடையைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் பேசினார்கள். குமாஸ்தா கட்சியில் சேரவில்லை. ஆனால் வக்கீலம்மா வருவதாகச் சொன்ன முதல் ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு அவரும் போனார்.

வக்கீலம்மாவுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பெட்டிகளிலும் டயர்களிலும் உட்கார்ந்தார்கள். சாக்கடை விஷயமாக நகராட்சியில் யாரைப் போய்ப் பார்ப்பது என்று தபால்காரருக்கும் கண்டக்டருக்கும் வாக்குவாதம் முற்றியது. இரண்டு பேரும் தங்கள் பக்கம் நியாயம் கேட்டு வக்கீலம்மாவைப் பார்த்தார்கள். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்து, ஆனால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நன்றாகத் தூங்கிவிட்டிருந்தார்.

எழுப்பலாமா என்பதுபோல கண்டக்டர் சைகை செய்தார். மெக்கானிக் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு எழுந்து, வெயில் அவர் முகத்தில் விழாதபடி பட்டறைக் கதவைப் பாதி சாத்தினான். திரும்பி வந்து டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, "ம், சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க" என்றான்.

கூட்டம் தாழ்ந்த குரலில் தொடர்ந்து நடந்தது.